நிலவறையும் குளிரும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே வீடு கட்டுவோர் நிலத்தடியில் அறை அமைக்க எண்ணியதில்லை. தாழ்ந்த மணல் நிலம். சிறிது தோண்டினாலே நீர் ஊறும். வெப்பத்தை வெளியே போக்குவதும் கடற்காற்றை உள்ளே அழைப்பதுமே அங்கு மனையமைப்பின் நோக்கம். ஆபிரிக்காவிலிருந்து வந்து அவ்வூரில் வேரூன்றிய பெருக்கமரமும் வெயிலை விரும்பும் மரமேயாகும். இத்தகைய கரையிலே பிறந்தவர் நிலவறையொன்றில் பனிக்காலத்தைக் கழிக்க நேர்ந்தமை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த கதை.

1983 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் வட இலங்கைத் தமிழர் பலர் கனடாவை நாடினர். மன்னார் மக்களும் அவருள் அடங்குவர். 1986 ஓகஸ்டில், ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டு, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்ட 155 தமிழரை நியூபவுண்லாந்து மீனவர் கண்டு காப்பாற்றினர். ஏதிலிகளாய் வந்தோர் பெருமளவில் ரொறன்ரோவில் குடியமர்ந்தனர். குறைந்த வாடகைக்குக் கிடைத்த இருப்பிடம், பிறர் வீட்டின் அடியிலுள்ள நிலவறை. ‘பேஸ்மென்ற்’ என்னும் சொல் தமிழர் பேச்சில் ஒரு வாழ்க்கைப் பருவத்தின் பெயராயிற்று.

அந்நாட்டு வீடுகளுக்கு நிலவறை வாய்த்தமைக்கு உறைபனியே காரணம். மண்ணிலுள்ள நீர் உறைந்து பருக்கும்போது அத்திவாரத்தைப் பெயர்த்துவிடும். ஆதலால் ரொறன்ரோவில் அத்திவாரம் ஏறக்குறைய நான்கு அடிக்குக் கீழே இறங்க வேண்டும். அவ்வளவு தோண்டிய பின் இன்னும் சற்றுத் தோண்டினால் ஓர் அறை கிடைக்கிறது. அங்கே முதலில் வைக்கப்பட்டவை உலையும் விறகும் நிலக்கரியுமே. மனிதர் பின்னரே வந்தனர்.

வீட்டை வெப்பமூட்டும் உலை நிலவறையில் இருந்தும் நிலவறை குளிர்ந்தே கிடப்பது விந்தை. சூடான காற்று மேலெழும். நிலவறைக்கான காற்றுவாய்களும் பெரும்பாலும் கூரையிலேயே அமைந்திருப்பதால், தலை வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருக்கும். வெப்பத்தை ஆளும் கருவியோ மேல்மாடிச் சுவரில், வீட்டுக்காரர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மேலே அடுப்பெரிந்து அறை சூடேறினால் உலை நின்றுவிடும். கீழே இருப்பவர் கம்பளியைத் தேடுவர். சங்க காலத்து நெடுநல்வாடை கூதிர்காலத்தில் சாளரம் அடைத்து, தடவிலே நெருப்பிட்டுக் குளிர்காய்வதைக் கூறும். அடைத்த நிலவறையில் அவ்வாறு கரியெரித்தல் காபனோரொட்சைட்டால் உயிரைக் கொல்லும்.

குளிரினும் பெரிய பகை ஈரம். கொங்கிறீற்றுச் சுவர் மண்ணின் நீரை உறிஞ்சும். அதன்மேல் நேரே கண்ணாடி நார் வைத்துப் பலகையடித்தால், உள்ளே பூஞ்சணம் வளரும். முதலில் நீர்க்கசிவை நிறுத்தி, நுரைப்பலகையை இடைவெளியின்றிச் சுவரோடு ஒட்டி, தரையையும் ஈரந்தடுக்கும் விரிப்பின் மேல் பலகையிட்டு உயர்த்துவதே தக்க முறை. கோடையில் மன்னாரார் வழக்கப்படி சாளரத்தைத் திறந்தாலோ, வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராய்த் துளிர்க்கும். ஊரில் நலந்தந்த பழக்கம் அங்கே கேடு தந்தது.

இவற்றைச் செய்விக்க வாடகையாளருக்கு வாய் இருக்கவில்லை. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகை வெப்பம் வேண்டுமென்பது ரொறன்ரோவின் விதி. ஆனால் அந்நகரின் பல பகுதிகளில் நிலவறைக் குடியிருப்பே விதிக்கு மாறானதாயிருந்தது. 1994 இல் ஒன்ராறியோ அரசு அதற்கு இடமளித்தது; அடுத்து வந்த அரசு அவ்வனுமதியை மீளப்பெற்றது. ரொறன்ரோ மாநகரசபை 1999 இல் தானே அனுமதி விதியொன்றை இயற்றிற்று. அதுவரை குளிரைப் பற்றி முறையிட்டவர், அறையையே இழக்கக்கூடும். எனவே வருத்தத்தை வெளியிடாது, சிறிய மின்வெப்பியொன்றை வாங்கிக் கட்டிலடியில் வைத்தனர். பின்னாளில் வீடு வாங்கிய தமிழர் பலர், தம் நிலவறையையும் புதிதாய் வந்த ஊரவர்க்கு வாடகைக்கு விட்டனர். வெப்பக் கருவி அப்போது அவர்கள் கைக்கெட்டும் சுவரிலே இருந்தது.