எண்ணெய் போன வழி

2018 மே மாதம் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் மாப்பிள்ளை, "மாமா, உங்க தொழில் சம்பந்தமா ஒண்ணு மியூசியத்துல வச்சிருக்காங்க, பாக்க வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன். லண்டன் மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே பழைய சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டு மாதிரி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை மூடி முத்திரை வைத்திருந்ததால் வாசனை ஒன்றும் வரவில்லை.

அது சாக்கடையிலிருந்து எடுத்த கொழுப்பு. 2017 செப்டம்பரில் கிழக்கு லண்டன் வைட்சேப்பல் சாலைக்கு அடியில் அகப்பட்ட பாறையின் ஒரு துணுக்கு. முழுப் பாறையின் நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். சமையல் கொழுப்பும், கரையாத ஈரத்துடைப்புத் தாள்களும், இன்னும் என்னென்னவோ சேர்ந்து இறுகிக் கிடந்தது. எட்டுப் பேர் கொண்ட குழு, அழுத்தத் தண்ணீர் பீய்ச்சியும் மண்வெட்டியால் வெட்டியும் வாரக்கணக்கில் வேலை செய்துதான் வழி திறந்தது. பனிப்பாறைக்கு 'ஐஸ்பெர்க்' என்பதுபோல இதற்கு 'ஃபேட்பெர்க்' என்று பெயர் வைத்து, 2015-லேயே அகராதியில் ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு அது புதிய பொருள் இல்லை. வடிகால் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோது 1983-ஆம் வருஷத்துத் தீபாவளி ஞாபகம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், சாக்கடைக்குள் எண்ணெய் எப்படி வந்தது என்ற கதை.

லண்டனில் 1815 வரை வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையில் விடவே கூடாது. சாக்கடை மழைத் தண்ணீருக்கு மட்டும்தான். வீட்டுக் கழிவுக்கு வீட்டுக்கு வீடு குழி. ஊர் பெருத்து, குழிகள் நிரம்பி, காலரா வந்தபிறகு சட்டம் தலைகீழாக மாறியது. 1848-க்குப் பிறகு எல்லா வீடுகளும் சாக்கடையில் இணைக்க வேண்டும் என்றார்கள். அத்தனையும் தேம்ஸ் நதியில் போய் விழுந்தது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பஸல்ஜெட் என்ற பொறியாளர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்கல்லால் பெருஞ்சாக்கடைகள் கட்டினார். அவற்றில் பெரும்பகுதி இன்றும் வேலை செய்கிறது.

அந்தக் காலத்து லண்டனில் சமையலறை இல்லையா, கொழுப்பு இல்லையா? இருந்தது. ஆனால் கொழுப்பு காசு. இறைச்சி வாட்டும்போது சொட்டும் கொழுப்பு சமையல்காரரின் உரிமை. அதை வாங்குவதற்கென்றே தெருவில் வியாபாரிகள் வருவார்கள். ஹென்றி மெஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டனின் ஏழைத் தொழிலாளிகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில், இந்த அடுக்களைக் கொழுப்பு வாங்குகிறவர்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். சோப்பு காய்ச்சவும் மெழுகுவர்த்தி வார்க்கவும் அது போனது. விலை போகிற பொருளை யாரும் சாக்கடையில் கொட்டமாட்டார்கள்.

பிறகு மெழுகுவர்த்தி போய் எரிவாயு விளக்கும் மின்சாரமும் வந்தன. சோப்புக்காரர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பனை எண்ணெயும் கிழக்கு நாடுகளிலிருந்து கொப்பரையும் மலிவாகக் கிடைத்தன. அடுக்களைக் கொழுப்பின் விலை இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் கொழுப்புக்கு ரேஷன் வந்து, 1954 வரை நீடித்தது. அதுவும் முடிந்தபிறகு பொரித்துத் தரும் கடைகள் பெருகின. பாத்திரம் கழுவ டிடர்ஜென்ட் வந்தது. பழைய எண்ணெய்க்குக் கேட்பாரில்லை. மிஞ்சிய வழி தொட்டித் துளைதான்.

தொட்டியில் இறங்கும்போது எண்ணெய் சூடாக இருக்கிறது, சோப்பில் கலந்து தண்ணீர் மாதிரியே ஓடுகிறது. ஊற்றுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது நூறு அடி போனதும் ஆறிக் குழாயின் மேல்பக்கம் ஒட்டுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிதிரியாய் வருமே, அதே வேலை அங்கே நடக்கிறது. கொழுப்பிலிருந்து பிரியும் அமிலம் கழிவுநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கடினமான ஒருவகை சோப்பாக மாறுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2011-இல் ஆய்வு செய்து இதைக் காட்டினார்கள். சுண்ணாம்பு தண்ணீரிலிருந்தும் வரும், கான்கிரீட் குழாயிலிருந்தும் வரும். அதனால்தான் வெந்நீர் ஊற்றினாலும் அது கரைவதில்லை.

இதைத் தடுக்கும் கருவி ரொம்ப எளிமையானது. கொழுப்புப் பொறி, நம் ஆட்கள் வாயில் கிரீஸ் டிராப். சமையலறைக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே ஒரு மூடி போட்ட தொட்டி. தண்ணீர் அதில் மெதுவாக நகரும்போது ஆறுகிறது. எண்ணெய் மேலே மிதக்கும், மண்ணும் பருக்கையும் அடியில் படியும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். குழம்பு ஆறினால் மேலே எண்ணெய் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் மேலே நிற்பதை அடிக்கடி அள்ள வேண்டும். அள்ளாத தொட்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் 1936 பொதுச் சுகாதாரச் சட்டமே, ஓட்டத்தைத் தடுக்கக்கூடிய எதையும் பொதுச் சாக்கடையில் விடக்கூடாது என்றது. 1991 தண்ணீர்த் தொழில் சட்டம் அதையே திருப்பிச் சொன்னது. 2002-இல் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, புதிதாகக் கட்டும் ஓட்டல் சமையலறைக்குக் கொழுப்புப் பொறி வேண்டும் என்றது. இத்தனைக்குப் பிறகும் 130 டன் எப்படிச் சேர்ந்தது? ஒரே சாக்கடையில் நாற்பது கடை விடுகிறது. பாறையைக் காட்டி "இது உன் எண்ணெய்" என்று யாரிடம் சொல்வது? அடைத்துக்கொண்ட பிறகு தேடினால் குற்றவாளி அகப்படமாட்டான். கடை வாசலிலேயே, அடைக்கும் முன்பே, தொட்டியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. இந்தச் சட்டங்களின் மொத்த வரலாற்றிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

நம் பக்கம் வருவோம். சென்னையின் பழைய பாதாளச் சாக்கடை 1910-லிருந்து 1914-க்குள் கட்டியது. தி.நகர் மேட்லி சாலைக்குப் பெயர் தந்த மேட்லிதான் அந்தக் காலத்து மாநகராட்சிப் பொறியாளர். 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது இருந்தது 17 லட்சத்துக்கு மேல். கணக்கில் பிசகியது தலை எண்ணிக்கை மட்டுமல்ல, எண்ணெயும்தான். அந்நாளில் பாத்திரம் தேய்த்தது சாம்பல், புளி, தேங்காய் நார். கழுவிய தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகும். ஓட்டலில் சாப்பாடு இலையில். நெய்யும் குழம்பும் இலையோடு மாட்டுக்குப் போய்விடும். தட்டு வந்தது, சிங்க் வந்தது, டிடர்ஜென்ட் வந்தது, வனஸ்பதி வந்தது. மேட்லி காலத்துக் குழாய்க்கு இதெல்லாம் தெரியாது.

இனி 1983. ஊர்ப் பெயர் வேண்டாம். தீபாவளி முடிந்து நாலாவது நாள், கடைத்தெருவில் சாக்கடை பொங்கி நடைபாதையில் ஓடுகிறது. அந்தத் தெருவில் நாலு ஓட்டல், ஒரு பெரிய மிட்டாய்க்கடை. பத்து நாளாக ராத்திரி பகல் அடுப்பு அணையவில்லை. மூங்கில் பிளாச்சு விட்டுப் பார்த்தார்கள், ஓரளவுக்குமேல் போகவில்லை. எங்கள் ஆட்களில் மூத்தவர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கினார். அவருக்கு என் அப்பா வயது. நான் அவரை ஒருமையில்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

நாலைந்து குத்துக்குப் பிறகு ஒரு துண்டு பெயர்ந்தது. கொழுப்பு அடைத்த குழாயில் அதற்குப் பின்னால் கழிவு அழுகிக்கொண்டே இருக்கும். மூடியை உடைத்ததும் உள்ளே தேங்கிய விஷவாயு ஒரே மூச்சில் வெளியே வரும். மேலிருந்து கூப்பிட்டோம். பதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். தெருவில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி விசிறினோம். ஓட்டல் பையன் ஒருவன் சோடா கொண்டுவந்தான். பத்து நிமிஷம் கழித்துக் கண் திறந்தார். கையில் இன்னும் அந்த வெள்ளைத் துண்டு இருந்தது. "மத்ததெல்லாம் தண்ணியில கரைஞ்சிரும் சார். இது டால்டா. கரையாது" என்றார்.

சாயங்காலம் அலுவலகம் போய்ப் புகார் ரிஜிஸ்டரில் எழுதினேன்: "அடைப்பு நீக்கப்பட்டது." எங்கிருந்து வந்த அடைப்பு, யார் கடையில் தொட்டி இல்லை, யாருக்கு நோட்டீஸ் போகவேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் மேலே பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். நான் எழுதவில்லை. ஒன்றரை மாதத்தில் அதே குழியில் அவர் மறுபடி இறங்கினார். அன்றும் நான் பக்கத்தில் நின்றேன்.

அதன்பிறகு சட்டங்கள் வந்தன. 1993 சட்டம் பெரும்பாலும் உலர் கழிப்பறையைப் பற்றியது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது 2013 சட்டம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஜெட் ராடிங் வண்டிகள் வந்தன. அப்படியும் சாவுச் செய்தி நிற்கவில்லை.

இந்தச் சட்டங்கள் குழாயின் இந்த முனையைப் பார்க்கின்றன. அந்த முனையில், அடுக்களையில், என்ன நடக்கிறது? தேசியக் கட்டட விதித்தொகுப்பில் கொழுப்புப் பொறி பற்றி இருக்கிறது. 2018 ஜூலை முதல், பொரித்த எண்ணெய் ஒரு அளவுக்குமேல் கெட்டால் திரும்ப உபயோகிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. பழைய எண்ணெயை வாங்கிப் பயோடீசல் காய்ச்சும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. கொழுப்புக்கு மறுபடி விலை. மெஹ்யூ பார்த்த அந்தத் தெரு வியாபாரி வேறு வேஷத்தில் வந்திருக்கிறார், நல்லதுதான். ஆனால் அவர் வாங்குவது வாணலி எண்ணெயை மட்டும். தட்டிலும் அண்டாவிலும் ஒட்டியிருப்பதை யாரும் வாங்கமாட்டார்கள். அதற்கு அந்தத் தொட்டியும், அதைத் திறந்து பார்க்கும் ஒரு ஆளும்தான் வழி.

படிக்கிறவர்களில் சிலர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் நடத்துகிறார்கள். அடுத்த தடவை போகும்போது, கொல்லைப்பக்கம் அந்தத் தொட்டி இருக்கிறதா, கடைசியாக என்றைக்கு அள்ளினார்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் கேட்டால் தட்டமாட்டார்கள்.

மாப்பிள்ளை அன்றைக்கு, "என்ன மாமா, பேசாம வர்றீங்க?" என்றார். ரிஜிஸ்டர் கதையை ரயிலில் அவரிடம் சொன்னேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.