மத்திய மாகாணத்தின் மலையும் மக்களும்

இலங்கையின் மத்திய மாகாணத்தைப் பற்றி எழுதுவோர் அதன் குளிரைப் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்படும் நூல்களில் நுவரெலியா ‘சின்ன இங்கிலாந்து’ ஆகிவிடுகிறது. பனிமூட்டம், நீர்வீழ்ச்சி, பச்சைக் கம்பளம் என வருணனை நீளும். மலை இயற்கை தந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அம்மலையின் மேல் இன்று நாம் காணும் காட்சி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுள் மனிதக் கைகளால் ஆக்கப்பட்டது. ஆக்கியவர் எவர், அதனால் மண்ணை இழந்தவர் எவர் என்னும் கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை இல்லை.

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். கண்டி, மாத்தளை, நுவரெலியா என்னும் மூன்று மாவட்டங்கள் சேர்ந்ததே இம்மாகாணம். அது முழுவதும் குளிர்ப் பிரதேசம் என எண்ணுதல் பிழை. மாத்தளையின் வட பாகம், அதாவது சிகிரியாவும் தம்புள்ளையும் அமைந்த பகுதி, வெப்பமும் வரட்சியும் மிக்கது. தெற்கே செல்லச் செல்ல நிலம் உயர்கிறது. நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ளது. அதனருகே எழும் பீதுருதாலகால 8,281 அடி உயர்ந்து நாட்டின் அதியுயர் சிகரமாக நிற்கிறது. ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியஸ் குறையும். ஆதலால் கொழும்பு வியர்த்திருக்க, நுவரெலியாவில் தை மாசி இரவுகளில் உறைபனி விழுவதுமுண்டு. தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளைச் சரிவுகளில் மழையைக் கொட்டுகிறது; வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோட்டன் சமவெளிப் பகுதியே தலைநீர் தருகிறது.

இனி, மாகாணம் என்ற எல்லைக்கோட்டைப் பார்ப்போம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் முயன்றும் நிலையாகப் பிடிக்க முடியாத கண்டியரசு, 1815 மார்ச் 2ஆம் திகதிய உடன்படிக்கையால் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. பின்னர் 1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபொழுது, பழைய கண்டி இராச்சியத்தின் பாகங்கள் கரையோர மாகாணங்களோடு ஒட்டப்பட்டன. நுவரகலாவிய வட மாகாணத்துக்கும், தமன்கடுவ கிழக்கு மாகாணத்துக்கும் போயின. எஞ்சிய நடுப்பாகமே மத்திய மாகாணம். ஓர் இராச்சியத்தின் நினைவையே கலைப்பதற்கு எல்லைக்கோடும் ஓர் ஆயுதமாயிற்று.

மன்னராட்சிக் காலம் பொற்காலம் என்று நாம் மயங்கவேண்டியதில்லை. பிரயாணிகள் வியக்கும் கண்டி வாவியைக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் தோண்டுவித்தான். தேசாதிபதி பார்ன்ஸ் 1820களில் கொழும்பு – கண்டி வீதியைப் போட்டதும் அதே ஊழியத்தினால்தான். இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டதற்குக் கருணை மட்டும் காரணமன்று. கோப்பிக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர்.

கோப்பிக்குக் காணியும் வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதியால் உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்று அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தவனிடம் உறுதி ஏது? ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் மலைகள் விற்கப்பட்டன. வாங்கியோருள் தோட்டத் துரைமார் மட்டுமல்லர், அரசாங்க உத்தியோகத்தரும் நீதிபதிகளும் பாதிரிமாரும் இருந்தனர். சட்டத்தை இயற்றியவர், நடத்தியவர், காணியை வாங்கியவர் மூவரும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தினர்! இதன்மேல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது அதற்கீடான பணம் என்றும் விதித்தான். இராஜகாரியம் வேறு வேடத்தில் மீண்டது. 1848 ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. ஆகஸ்டு 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான்.

நிலம் பறிபோன சிங்களக் குடியானவன் தன் வயலைவிட்டுத் தோட்டக் கூலியாக வர மறுத்தான். இதனை அவனது சோம்பல் என்று துரைமார் எழுதிவைத்தனர். இன்றும் சிலர் நம்புகின்றனர். அவ்விடத்தை நிரப்பத் தமிழகத்தின் பஞ்சமும் சாதிக்கொடுமையும் வாட்டிய கிராமங்களிலிருந்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாகத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொன்றன. அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

1869இல் கோப்பி இலைகளிற் காணப்பட்ட துருநோய் இருபது ஆண்டுகளுள் அப்பயிரை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிர் மாற்றம் மட்டுமன்று. கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்டது. பழம் பறித்தபின் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆதலால் குடும்பங்கள் நிலையாகத் தங்க நேர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் கொண்ட லயங்களும், கங்காணியின் அதிகாரமும், தொழிலாளியைக் கடனாற் கட்டிவைத்த துண்டு முறையும் மலைநாட்டின் வாழ்வாகின. துண்டு முறை ஒழிய 1921 ஆயிற்று. 1867இல் கண்டியை அடைந்த இரயில் பாதை 1885இல் நானுஓயா வரை ஏறியது. அதன் முதல் நோக்கம் காட்சி காட்டுவதன்று. விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே.

நல்லதைச் சொல்லாதிருத்தலும் நேர்மையன்று. தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த காடு கோடரிக்குத் தப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்கள் ‘உலக முடிவு’ப் பள்ளத்தைக் காட்டியதோடு நின்றுவிடாது, காடு எங்கே முடிந்து தேயிலை எங்கே தொடங்குகிறது என்பதையும் காட்டவேண்டும். அந்த எல்லை ஒரு சரித்திரப் பாடம்.

கிராமத்தவன் கதையும் 1848உடன் முடியவில்லை. நெல்வரி செலுத்த முடியாத வலப்பனைக் குடியானவரின் வயல்கள் 1880களில் ஏலம் போயின. குடும்பங்கள் பட்டினியால் அழிந்தன. அவ்வரி நீங்க 1892 வரை ஆயிற்று. வலப்பனை வயலுக்கும் அண்டையிலுள்ள லயத்துக்கும் இடையே சில மைல் தூரமே. எனினும் ஒருவன் மற்றவனைத் தன் கேட்டுக்குக் காரணமெனக் கருதுமாறு வளர்க்கப்பட்டான்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி வீழ்ந்தான். அப்போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளரோடு சிங்கள இடதுசாரிகளும் நின்றனர். அந்த ஒற்றுமை வளர்வதை விரும்பாதோர் பலர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோரின் பிரசாவுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003இலேயே வந்தது.

காணிக் கேள்வி மட்டும் தீரவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றத்திலும் லயத்து நிலம் அதில் வாழ்ந்தவனுடையதாகவில்லை. 2025 நவம்பர் புயல்மழையில் இம்மாகாணத்தின் சரிவுகள் இடிந்து வீழ்ந்தபோது, வேறிடம் செல்லத் தமக்கெனக் காணியில்லாத குடும்பங்கள் தோட்டங்களில் இருந்தன. அண்மைக் காலத் தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு என வகுக்கப்பட்டது ஏழு பேர்ச் காணி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். அந்த ஏக்கரைத்தான் 1840களின் தொடக்கத்தில் துரைமார் ஐந்து சிலிங்குக்கு வாங்கினர்.