முகத்துக்கு ஒரு லென்ஸ், தாளுக்கு ஒரு லென்ஸ்

"இது என் மூஞ்சியாடா? மழ பேயாத கண்மாய் மாதிரியில வெடிச்சுக் கெடக்கு" என்றாள் அப்பத்தா.

தட்டான் பூச்சிகளைப் படம் எடுப்பதற்காக வாங்கிய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் அது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பையில் வேறு லென்ஸ் இல்லாததால், அதிலேயே அப்பத்தாவை எடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு சுருக்கமும், புருவத்தின் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். எண்பத்தாறு வயதுக்காரி ஒரு நிமிடம் பார்த்தாள். மேலே சொன்னதைச் சொன்னாள். பிறகு, "நாஞ் செத்தா இதத் தூக்கி மாட்டிராதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கே பிழை என்று தேடுவதுதான் தொழில். லென்ஸ் சரியாகத்தான் வேலை செய்திருந்தது. அப்படியானால் பிழை எங்கே? மேக்ரோ லென்ஸில் முகம் எடுக்கலாமா என்று தேட ஆரம்பித்து, அது என்னை 1840க்கு இழுத்துக்கொண்டு போனது.

1839இல் டாகர் தன் புகைப்பட முறையை பாரிஸில் வெளியிட்டபோது, அதில் மனித முகத்தை எடுப்பது பெரும்பாடு. அன்றைய லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் மிகக் குறைவு. நல்ல வெயிலிலும் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். கட்டடங்களுக்கு அது பிரச்சினையில்லை. மனிதர்கள் மூச்சு விடுகிறவர்கள்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசஃப் பெட்ஸ்வால் இதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். அதுவரை லென்ஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்துத் தேய்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். இவர் ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார். அவருக்கு உதவியாக ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த சில வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டவர்கள், ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். அன்றைய கம்ப்யூட்டர் அவர்கள்தான்.

1840இல் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் செய்து கொடுத்த அந்த லென்ஸின் திறப்பு ஏறக்குறைய எஃப் 3.6. முந்தைய லென்ஸைவிட 15 மடங்குக்கும் மேல் வெளிச்சம். முகத்தை எடுப்பது ஒரு தொழிலாகவே மாற அது வழிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நடுவில் மட்டும்தான் கூர்மை. விளிம்புக்குப் போகப் போகப் படம் கலங்கும். தாளை எடுத்தால் மூலைகளில் எழுத்து படிக்க முடியாது. முகத்தை எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், காதும் தோளும் மெல்லக் கரையும். யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் குறையே அழகு என்று பழகிப்போனது.

அந்தப் பழக்கத்தை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் அவர் கைக்குக் கேமரா வந்தது. ஹெர்ஷல், டென்னிசன், டார்வின் என்று இங்கிலாந்தின் பெரிய மனிதர்களை எல்லாம் அருகிலிருந்து, மென்மையாக, ஃபோகஸ் சற்றே நழுவிய நிலையில் எடுத்தார். இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் வைக்கத் தெரியவில்லை என்று அன்றைய புகைப்பட உலகம் கேலி செய்தது. அவரோ, தனக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் கையை நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில் எழுதிவைத்தார்.

1875இல் அவர் கணவருடன் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் உள்ளூர் மக்களைப் படம் எடுத்தார். 1879இல் இலங்கையிலேயே இறந்தார். 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள் குழு' என்றுதான் இருக்கிறது. ஹெர்ஷலுக்குப் பெயர் உண்டு. குடியானவர்களுக்கு இல்லை. ஃபோகஸை எங்கே நிறுத்துவது என்பதைக் கேமரன் முடிவு செய்தார். தன் முகம் எப்படி விழவேண்டும் என்று சொல்லும் இடத்தில் அந்தக் குடியானவர்கள் இருந்திருப்பார்களா? இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா எழுந்து போனது ஞாபகம் வந்தது.

கண்ணாடித் தொழில் முன்னேற முன்னேற, விளிம்பு வரைக்கும் கூர்மையான லென்ஸ் செய்வது சாத்தியமானது. ஆனாலும் முகத்துக்காக வேண்டுமென்றே பிழையை விட்டுவைக்கிற லென்ஸ்கள் தொடர்ந்து வந்தன. 1935இல் லைட்ஸ் நிறுவனம் வெளியிட்ட தம்பார் என்கிற 90 மி.மீ. லென்ஸ் அதற்கு நல்ல உதாரணம். அதில் ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாமல் கொஞ்சம் சிதறும்படி விட்டிருந்தார்கள். கன்னத்தில் ஒரு மெல்லிய ஒளி படரும், சுருக்கம் அதில் மறையும். என் பாஷையில் சொன்னால், பிழையையே வசதியாக விற்பது.

இது ஒரு குடும்பம். மேக்ரோ லென்ஸ் வந்த குடும்பம் வேறு.

1955இல் கில்ஃபிட் நிறுவனத்தின் மேக்ரோ-கிலார் வந்தது. 40 மி.மீ. லென்ஸ். பொருளுக்கு மிக அருகில் போய், அதன் நிஜ அளவிலேயே பிலிமில் பதிக்கலாம். அடுத்த வருடம், 1956இல், நிக்கான் நிறுவனம் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர் லென்ஸைக் கொண்டுவந்தது. அது பிறந்த காரணம் பூவும் இல்லை, பூச்சியும் இல்லை. தாள்தான். நூலக ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் பதிக்கும் காலம் அது. ஆங்கில எழுத்துக்குச் சரியாக இருந்த லென்ஸ்கள் ஜப்பானிய காஞ்சி எழுத்துக்குப் போதவில்லை. ஒரு எழுத்துக்குள் பத்து, இருபது கோடுகள். சுருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எழுத்தே மாறிவிடும். ஆகவே ஒரு கோடுகூடத் தப்பாத லென்ஸ் தேவைப்பட்டது. தாள் தட்டையானது என்பதால் நடுவும் மூலையும் ஒரே கூர்மையில் இருக்கவேண்டும். பெட்ஸ்வாலுக்கு நேர் எதிர்.

40, 50 மி.மீ. லென்ஸில் இன்னொரு தொல்லை. நிஜ அளவில் எடுக்க வேண்டுமென்றால் லென்ஸின் மூக்கு பொருளை இடிக்கிற தூரத்துக்குப் போகவேண்டும். தாள் ஓடாது, தட்டான் பறந்துவிடும். நம் நிழலே பொருள் மேல் விழும். தள்ளி நின்றபடியே நெருக்கத்தில் எடுக்க டெலிபோட்டோ மேக்ரோ வந்தது. 1962இல் வந்த நிக்கானின் மெடிக்கல்-நிக்கோர் 200 மி.மீ. லென்ஸ் அதன் வாயைச் சுற்றியே ஃபிளாஷ் விளக்கு பொருத்தப்பட்டது. அறுவை சிகிச்சை, தோல், பல் என்று மருத்துவர்களுக்காகச் செய்தது. நெற்றிக் காயத்தை எடுக்கும், நெற்றிக்காரரை அதற்குத் தெரியாது.

இந்த இரண்டு குடும்பங்களும் சம்பந்தம் பேசிய இடம் என்று 1979இல் வந்த டாம்ரானின் 90 மி.மீ., எஃப் 2.5 லென்ஸைச் சொல்லலாம். நிஜ அளவில் பாதி வரைக்கும் போகும். அதே நேரத்தில், ஃபோகஸுக்கு வெளியே இருப்பது எப்படிக் கரையவேண்டும் என்பதிலும் அக்கறை எடுத்துச் செய்திருந்தார்கள். போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்கள் கொண்டாடினார்கள். இன்று 90, 100, 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ்களை முகத்துக்கும் ஆகும் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஆகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முகத்தின் அமைப்பை லென்ஸ் மாற்றுவதில்லை, தூரம்தான் மாற்றுகிறது. மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 62இல். மூக்கு அதற்குரிய அளவைவிட 24 சதவீதம் பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் வெறும் 6 சதவீதம். மேக்ரோ லென்ஸ் கிட்டே போக அனுமதிக்கிறது என்பதற்காக நான் அரை மீட்டருக்குப் போயிருந்தேன். அதோடு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் போடும். கண்மாய் வெடிப்பு அங்கிருந்துதான் வந்தது. லென்ஸ் அதை எழுத்துப் பிசகாமல் படித்துச் சொன்னது, அவ்வளவே.

அப்படியானால் இன்னும் தள்ளி நிற்கலாமே என்று ஒரு 180 மி.மீ. மேக்ரோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். முழுச் சட்டக கேமராவில், தலையும் தோளும் சேர்த்து 60 செ.மீ. உயரத்தை நிரப்ப, 100 மி.மீ. லென்ஸுக்கு சுமார் 1.8 மீட்டர் வேண்டும். 180க்கு 3.2 மீட்டர். எங்கள் பட்டாசாலை அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்பத்தாவுக்குக் காது மந்தம். "இங்க பாரு அப்பத்தா" என்று நான் கத்த, "என்னடா சொல்ற?" என்று அவள் கத்த, எல்லாப் படத்திலும் நெற்றியைச் சுருக்கி எதையோ கேட்க முயல்கிற ஒரு முகம். எந்த விமர்சனத்திலும் எழுதப்படாத குறை இது. பூச்சியோடு பேச வேண்டியதில்லை, அப்பத்தாவோடு பேசவேண்டும். 180ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதே பயணத்தில்தான் அவள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தாள். ஐயாவின், அதாவது என் அப்பாவுடைய அப்பாவின், பழைய மில் அடையாள அட்டை. அதில் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு படம். "ஒன் மிசுனுல இதப் பெருசாக்க முடியுமா?"

முடியும். அந்த லென்ஸ் பிறந்ததே அதற்காகத்தான். அட்டையை மேசையில் வைத்து, கேமராவை முக்காலியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அட்டை இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரியும்வரை கேமராவை அசைத்தேன். கேமரா மேசைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க அது எளிய வழி. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு. எஃப் 8. நிஜ அளவில் ஒரே படம்.

திரையில் ஐயா வந்தார். ஊதா முத்திரையின் வளைவு தோளில் ஏறியிருந்தது. கன்னத்தில் புள்ளி புள்ளியாக அம்மைத் தழும்பு. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. சுவரில் மாலையோடு தொங்கும் படத்தில் ஸ்டுடியோக்காரர் தூரிகையால் அதைத் துடைத்திருந்தார்.

அப்பத்தா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். "இதான் அவுக. செவத்துல இருக்கது யாரோ."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவருக்குத் தழும்பு தெரியணும், ஒனக்கு மட்டும் சுருக்கம் தெரியக்கூடாதா?"

"அவுக போய்ட்டாக. நா இன்னும் இருக்கேன்ல" என்றாள்.

இதற்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் நூற்றெண்பது வருடங்களாக லென்ஸ் செய்கிறவர்கள் இரண்டு குடும்பமாகப் பிரிந்து நின்றதன் நியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இல்லாதவரைத் தேடும்போது ஒரு கோடுகூடத் தப்பக்கூடாது. எதிரே இருப்பவரிடம் எதைக் காட்டலாம் என்று கேட்டாக வேண்டும்.

மறுநாள் காலை திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், அதே 100 மி.மீ. லென்ஸ். 1.8 மீட்டர் தூரம். சாதாரணமாகப் பேசினாலே அவளுக்குக் கேட்டது. ஒரே நிபந்தனை அவள் போட்டது: எடுக்க எடுக்கக் காட்டவேண்டும், வேண்டாம் என்றால் அழிக்கவேண்டும். நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தொன்பதை அழிக்கச் சொன்னாள். அதில் சில உண்மையிலேயே நல்ல படங்கள். அழித்தேன்.

அவள் வைத்துக்கொண்ட ஒன்றை நான் முதலிலேயே தூக்கியிருப்பேன். எஃப் 2.8இல் அந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் ஆழம் மொத்தமே 5 செ.மீ.தான். அவள் தலையைத் திருப்பிய நொடியில் ஃபோகஸ் கண்ணை விட்டு நழுவிக் காதில் விழுந்துவிட்டது. கண்ணும் கன்னமும் லேசாகக் கரைந்திருக்கின்றன. ஒற்றைக்கல் தோடு மட்டும் கூர்மை.

"இதுல தோடு நல்லா விழுந்துருக்கு" என்றாள். "அவுக எடுத்துக் குடுத்தது."