புளி போட்டுத் தேய்ச்ச பத்து காசு

கொல்லிமலை அடிவாரத்துல, துறையூர்ப் பக்கம் இருக்கிற புளியஞ்சோலைதான் எங்க அப்பாயி ஊரு. மேல ஆகாய கங்கையில விழுற தண்ணி ஐயாறா இறங்கி இந்த வழியாத்தான் ஓடும். ஆறாவது படிக்கும்போது லீவுக்குப் போன இடத்துல அப்பாயியோட சுருக்குப்பையில ஒரு கறுப்பு செப்புக் காசு பார்த்தேன். ஒரு பக்கம் கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சிங்கம், மறுபக்கம் புரியாத எழுத்து. "எங்க மாமியா குடுத்ததுடா" என்றார்.

நான் என்ன பண்ணினேன்? புளியும் சாம்பலும் போட்டு, சொம்பு தேய்க்கிற மாதிரி ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்ச்சேன். தகதகன்னு ஆயிடுச்சு. அப்பாயிக்கும் சந்தோஷம். நான் செஞ்ச காரியம் என்னன்னு புரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சுங்க.

அது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடிச்ச பத்து காசு. ஆங்கிலத்துல 'எக்ஸ் கேஷ்'னு போட்டிருக்கும். எக்ஸ் என்பது ரோமன் பத்து. கேஷ்ங்கிற அந்த நாணயப் பெயர் நம்ம 'காசு'தான், போர்த்துகீசியர் வாய் வழியா போய் அப்படி ஆயிடுச்சு. புரியாத எழுத்து பாரசீகம். அந்தக் காலத்துல சென்னையிலேயே அடிச்ச அஞ்சு பண வெள்ளிக் காசுல தமிழும் தெலுங்கும் உண்டு. ஏழைபாழை கையில புழங்கின இந்தச் செப்புக் காசுல தமிழ் கிடையாது!

அன்றைய கணக்கு இதுதான்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், மூன்றரை ரூபாய் ஒரு வராகன். அப்போ ரூபாய்க்கு 96 பத்து காசு.

இதே காலத்துல அமெரிக்காவுல 'அரை சென்ட்' என்று ஒரு செப்புக் காசு இருந்தது. 1793-ல ஆரம்பிச்சு 1857-ல நிறுத்தினாங்க. டாலருக்கு 200. வெள்ளி எடையா மாத்திப் பார்த்தா நம்ம பத்து காசும் அந்த அரை சென்ட்டும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு! அங்கே அப்போ ஸ்பானிய ரியால் புழங்கியது. அது பன்னிரண்டரை சென்ட். அந்த அரைக்குச் சில்லறை வேணுமில்ல? அதுக்குத்தான் அரை சென்ட். ஊரு எதுவானாலும் சில்லறைப் பிரச்சனை ஒண்ணுதான்.

ரெண்டுக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. பத்து காசை அடிச்சது இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயசாலை. நீராவி எந்திரத்தால காசு அடிக்கிறதுல அன்னிக்கு அவர்தான் முன்னோடி. அமெரிக்க நாணயசாலையும் முத்திரை குத்தாத செப்பு வட்டத் தகடுகளை அவர்கிட்டதான் கப்பல்ல வாங்கிச்சு. ஒரே பட்டறைச் செம்பு... ஒண்ணு பிலடெல்பியா போச்சு, ஒண்ணு சென்னைப்பட்டணம் வந்தது.

எல்லாமே வந்து சேரலைங்க. பத்து காசு 1803, 1808 ஆகிய ரெண்டு தேதிகள்ல இருக்கு. 1808 தேதி போட்ட காசுகளை டன் கணக்குல ஏத்திக்கிட்டு சென்னைக்குக் கிளம்பின 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளேயே குட்வின் மணல்திட்டுல முழுகிடுச்சு. (அதே 1809-லதான் அமெரிக்காவுல அரை சென்ட் ரொம்ப அதிகமா அடிச்சாங்க, 11 லட்சத்து 54 ஆயிரம் சொச்சம்.) 1980-களின் நடுவில் முக்குளிச்சு எடுத்தப்போ பத்து லட்சம் காசு போல கிடைச்சது. பீப்பாய்க்குள்ள இறுகிக் கிடந்ததால நிறைய காசுகள் அச்சு அசலா இருந்தன. இன்னிக்கு உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் கையில இருக்கிற பத்து காசு பெரும்பாலும் அந்தக் கடல் காசுதான்.

யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊருக்குன்னு அடிச்சு, நம்ம ஊரையே பார்க்காத காசு பளபளன்னு இருக்கு. வந்து சேர்ந்த காசு சந்தைக்கும் வெத்தலைக் கடைக்கும் கை மாறி மாறித் தேய்ஞ்சு கறுத்துப் போச்சு. எது வரலாறு?

அமெரிக்காவுல பழைய செப்புக் காசு சேர்க்கிறவங்க 1967-லயே தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சவங்க. பழைய காசுல அவங்க முதல்ல பார்க்கிறது நிறம். இருநூறு வருஷக் காத்தும் கையும் சேர்ந்து செம்பு மேல உண்டாக்கின பழுப்பை எடுத்துட்டா திரும்ப வராது. ஆக்கினா தானே தேய்மானம், அதைச் சொரண்டுறது யார் வேலை? புளியில இருக்கிற அமிலம் கறுப்போட சேர்த்து மேல்தோலையும் அரிச்சிடும், சாம்பல் மிச்சத்தை ராவிடும்.

எனக்கு நடந்ததும் அதுதான். தேய்க்கிறதுக்கு முன்னாடி காசுல வருஷம் மங்கலாத் தெரிஞ்சது, விரலால தடவிப் பார்த்தது கூட நினைவிருக்கு. இப்போ 180 வரைக்கும் தெரியுது. கடைசி எண்ணு மூணா எட்டா? லென்ஸ் வச்சுப் பார்த்தாச்சு, சாய்ச்சு வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாச்சு. வளைவு மட்டும்தான் இருக்கு. மூணுன்னா மூணு, எட்டுன்னா எட்டு. எட்டா இருந்தா, முழுகின காசுக்குக் கூடப் பிறந்தது, வேற கப்பல்ல தப்பிச்சு வந்து மலையடிவாரம் வரைக்கும் நடந்திருக்கு. அப்பாயியும் இல்ல, கேட்கவும் ஆள் இல்ல.

உங்க வீட்டுப் பெட்டியிலயும் இப்படி ஒரு கறுப்புக் காசு கிடக்கலாம். எடுத்துப் பாருங்க, ஓரத்தைப் பிடிச்சு. காகித உறையில போட்டு ஈரம் படாம வைங்க. யார் கொடுத்தது, எந்த ஊருன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி அதோட வச்சுடுங்க. முக்கியமா புளியைக் கிட்டவே கொண்டு போகாதீங்க. அது ரசத்துக்கு இருக்கட்டும்.