உறுமி அடித்தது யார்?

ஒரு ராக் குழு புதிய ஆல்பத்தில் தன் ஒலியை மாற்றிக்கொண்டால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி ‘வளர்ச்சி’ என்னும். இன்னொன்று ‘விலைபோய்விட்டார்கள்’ என்னும். இரண்டு தரப்புமே ஒலி என்பது கலைஞனின் உள்ளத்திலிருந்து ஊறி வருகிற சமாச்சாரம் என்று நம்புகிறவை. எனக்கு அந்த நம்பிக்கை போய்ப் பல வருஷமாகிறது. ஒலி மாறுகிறது என்றால் அறைக்குள் இருக்கிற ஆட்கள் மாறியிருக்கிறார்கள் என்று பொருள். யார் உள்ளே வந்தார்கள், யாருக்குக் கதவு சாத்தப்பட்டது, வந்தவர்களில் யாருடைய பெயர் உறைமேல் ஏறியது என்று தேடிப்போனால் ஓர் ஆல்பத்தின் வரலாறு கிடைத்துவிடும். இப்படித் தேடவைத்தது பென்னலூரில் ஒரு பையன் கேட்ட கேள்வி.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் பென்னலூர். ஏரி, ஊர், காலனி, அப்புறம் வெளியூர்த் தொழிலாளிகள் தங்குகிற வாடகை அறைகள். அப்படியோர் அறையில் சில வருஷம் இருந்தேன். செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கழுத்தில் தொங்கிய அட்டையில் கம்பெனியின் பெயர் இராது. ஆள் அனுப்பிய கான்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். (இந்த அட்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.) என்னோடு அதே லைனில் நின்ற பையன் காலனிக்காரன். ஷிப்ட் இல்லாத நாட்களில் மேள செட்டில் அடிப்பான். ஒரு ராத்திரி மொட்டைமாடியில் என் போனில் மாயா அருள்பிரகாசத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைப் போட்டேன். இரண்டு தரம் கேட்டான்.

“அண்ணா, இது உறுமிண்ணா. நம்ம பக்கத்து அடி இல்ல, தெக்கத்தி அடி மாதிரி இருக்கு. யாருண்ணா அடிக்கிறது?”

‘மாயா’ என்றேன்.

“பாடுறது அந்தக்கா, சரி. அடிக்கிறது யாரு?”

என்னிடம் பதில் இல்லை. எம்.ஐ.ஏ. பற்றி அதற்குமுன் நாலு நண்பர்களிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். ஒரு ஆள் கூட இதைக் கேட்டதில்லை.

மாயா ராக் குழு அல்ல, தனி ஆள். ஆனாலும் ‘புதிய ஆல்பம், புதிய ஒலி’ என்பதற்கு நம்மவர்களில் இவரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதோடு ஒரு ராக் குழுவின் கித்தாரும் இந்தக் கதைக்குள் வரப்போகிறது.

1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையில் கொஞ்ச காலம் ஒடுங்கியிருந்து, 1986இல் அகதியாக மறுபடி லண்டன் சேர்ந்தவர். அப்பா, ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருளர். 1977 வன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலைப் பற்றிய ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர் என்றால் இந்த இதழின் வாசகர்களுக்கு உடனே விளங்கும். மகள் 2005இல் கொண்டுவந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்தார். ‘அருளர்’ ஆல்பத்தின் ஒலி மெலிந்தது, வெட்டிவெட்டி ஓடுவது. ரோலண்ட் எம்.சி.-505 என்கிற ஒரு மின்தாளப் பெட்டி, அதுவும் பீச்சஸ் என்ற பாடகி அறிமுகப்படுத்தியது, அதை வைத்து வீட்டு அறையில் தொடங்கிய பாட்டுகள். ஜமாய்க்காவின் டான்ஸ்ஹால், பிரேசில் குடிசைப்பகுதிகளின் ஃபங்க் எல்லாம் அதற்குள் வந்தன, பெட்டியின் வழியாக. ஒரு அகதிப் பெண்ணுக்கு வாய்த்த அறை அவ்வளவுதான். அறையின் அளவே ஒலியின் அளவு.

அடுத்த ஆல்பத்துக்கு அவர் போக நினைத்தது அமெரிக்காவுக்கு. டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு வேலை செய்வதாகத் திட்டம். 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அந்த விசா ஒழுங்காகக் கிடைத்திருந்தால் ஆல்பம் நியூயார்க்கின் ஒலியோடு வந்திருக்கும், அநேகமாக நாம் இன்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். கதவு சாத்தப்பட்டதால் அவர் இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவுசெய்தார். 2007 ஆகஸ்டில் ஆல்பம் வந்தபோது பெயர் ‘கலா’. அம்மாவின் பெயர், பிள்ளைகளைத் தையல் வேலை செய்து காப்பாற்றிய அம்மா. அப்பாவிலிருந்து அம்மாவுக்கு, இயக்கப் பெயரிலிருந்து வீட்டுப் பெயருக்கு நகர்ந்த இந்த நகர்வைப் பற்றிப் பெண்ணிய நோக்கில் தனியாகவே எழுதலாம். டிம்பலாண்ட் பாட்டு ஒன்று கடைசியில் ஆல்பத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது. கேட்டால் தெரியும், வேறு வீட்டுப் பிள்ளை.

இடையில் ஒரு விஷயம். பென்னலூர் இருக்கிற இந்தச் சாலையில்தான் 21 மே 1991 நடந்தது. அதற்குப் பிறகு ஈழத்தமிழ் பேச்சு வாடையோடு ஒருவர் இங்கே வாடகைக்கு அறை கேட்டால் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். ராஜீவ் கொலை வழக்கு விசாரணை நடந்ததும் இதே சாலையில், பூந்தமல்லியில். அப்படிப்பட்ட தமிழ்நாட்டுக்கு, இயக்கக்காரரின் மகள் ஒருவர், விசா மறுப்புக் காகிதத்தோடு, மேளச் சத்தம் தேடி வந்தார் என்பதை ஏதோ ‘உலக இசை’ சுற்றுலா போல எழுதுகிற ஆங்கில விமர்சகர்களை என்ன சொல்வது!

இப்போது உறுமி. இரண்டு முகம் கொண்ட, நடுவில் ஒடுங்கிய வாத்தியம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பிலிருந்துதான் ‘ஊம்ம்’ என்ற உறுமல் எழுகிறது. பெயரே அதனால்தான். இந்த உறுமலைத் தாளம் என்றும் சொல்ல முடியாது, சுரம் என்றும் சொல்ல முடியாது. தோலின் இறுக்கம், குச்சியின் வளைவு, கையின் அழுத்தம் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு தரமும் கொஞ்சம் விலகி விழும். மின்தாளப் பெட்டி ஒரே அடியை ஆயிரம் தரம் அப்படியே அடிக்கும். ‘அருளர்’ கேட்டுவிட்டு ‘கலா’ கேட்பவர்களுக்குச் சட்டென்று உறைப்பது இந்த விலகல்தான். பலர் ஒன்றாக அடிக்கும்போது ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொள்கிற நெரிசல் அது. கோயில் கொடை, சாவு வீடு, தெருக் கூட்டம், அந்த நெரிசல் ஆல்பத்துக்குள் அப்படியே வந்துவிட்டது. முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ (1991) படப் பாட்டின் துண்டு ஒன்றும் ஓடுகிறது.

ஆல்பத்தின் பெயர்போன பாட்டு இதெல்லாம் இல்லாத ‘பேப்பர் பிளேன்ஸ்’. விசா, கள்ளக் காகிதம், வந்தேறியைப் பார்த்தாலே களவாணி என்று நினைக்கிற கண்: இவற்றைப் பற்றிய கிண்டல் அது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கடைக் கல்லாப்பெட்டிச் சத்தமும் கேட்கும். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் வந்தது. விசா மறுத்த நாட்டின் விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம் வரை போனது. அதன் அடியில் ஓடுகிற கித்தார் ‘தி க்ளாஷ்’ என்ற லண்டன் ராக் குழுவின் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ (1982) பாட்டிலிருந்து எடுத்தது. இந்த க்ளாஷ் 1976இல் மூன்று கார்டு பங்க் குழுவாகத் தொடங்கியது. 1979 கடைசியில் ‘லண்டன் காலிங்’ இரட்டை ஆல்பத்தில் ரெகே, ராக்கபிலி, ஜாஸ் என்று வாசலைத் திறந்துவிட்டது. மறுவருஷமே ‘சாண்டினிஸ்டா’ என்று மூன்று தட்டு, 36 பாட்டு. பங்க் தோழர்கள் துரோகம் என்றார்கள். லண்டனின் கறுப்பினப் பகுதிகளோடு சேர்ந்து வாழ்ந்த வெள்ளைப் பையன்களுக்கு அந்த ரெகே வெளியிலிருந்து வந்ததல்ல. ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டோ எஃகாலைகள் மூடிய வட இங்கிலாந்தையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. அந்த வாசலைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கித்தார் காதில் விழும்.

அந்தப் பையன் கேள்விக்கு வருகிறேன். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் க்ளாஷ் குழுவின் நாலு பேர் பெயரும் உண்டு. ஸ்ட்ரம்மர் 2002இல் செத்துப்போனவர், அவர் பெயரும் உண்டு. நியாயம்தான், அவர்கள் கித்தாரை எடுத்துக்கொண்டதற்குக் காசும் பெயரும். ஏனென்றால் அந்தக் கித்தார் ஏற்கெனவே ‘படைப்பு’ என்று பதிவானது. உறுமிக்காரர்கள் அடித்தது? அது தலைமுறை தலைமுறையாக வருகிற அடி, யாருடையதும் அல்ல என்று சொல்லிவிடுகிறது காப்புரிமை என்கிற ஏற்பாடு. யாருடையதும் அல்லாதது எடுத்துக்கொண்டவருடையதாகிவிடுகிறது. ஏரிப் புறம்போக்கு கம்பெனி மனையாகிற அதே தர்க்கம். இந்தியச் சட்டத்தில் 1994இல்தான் நிகழ்த்துபவரின் உரிமை என்று ஒன்று சேர்க்கப்பட்டது. 2012 திருத்தம் ராயல்டி வரை பேசுகிறது. ஒருநாள் கூலிக்குக் கூடத்துக்குப் போய் அடித்துவிட்டு வருகிற மேளக்காரருக்கு அந்தப் பிரிவைச் சொல்ல ஆளில்லை.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. தன் பாட்டுகளையெல்லாம் டிப்லோ என்கிற அமெரிக்க ஆண் தயாரிப்பாளர்தான் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதுவதைப் பற்றி மாயா 2007இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகக் கோபப்பட்டார். முழுக்க முழுக்கச் சரியான கோபம். ஒரு பழுப்பு நிறப் பெண் பொத்தானை அமுக்கி ஒலி கட்டுவாள் என்பதை அந்த உலகத்தால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் அதே கேள்வியை ஒரு படி கீழே இறக்கிக் கேட்டால் அவருக்கே அது சங்கடமாகும். எனக்கும்தான்: நானும் ‘மாயா’ என்றுதானே பதில் சொன்னேன்? வால்டர் பெஞ்சமின் 1934இல் எழுதிய ‘உற்பத்தியாளனாகப் படைப்பாளி’ கட்டுரையில், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன நிலைப்பாடு எடுக்கிறது என்பதற்கு முன்னால், அந்த உறவுகளுக்குள்ளே அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கச் சொல்கிறார். ‘கலா’ என்ன சொல்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கே நிற்கிறது என்பதில்தான். என் கழுத்து அட்டையும் அந்த இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போனைச் செய்தது நான், போனில் இருந்த பெயர் வேறு, அட்டையில் இருந்த பெயர் மூன்றாவது ஆள்.

அதற்காக அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வாசல் ஒன்று திறந்தது. வேறு சிலர் அந்த வாசலை அகலப்படுத்தினார்கள். ‘குரங்கன்’ என்ற சென்னை ராக் குழுவில் இருந்த டென்மாவும் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து அமைத்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். பத்தொன்பது பேர், கோட்டு சூட்டோடு. கானாவும் பறையும் சட்டியும் கட்டமோளமும் கித்தாருக்குப் பக்கத்தில் நின்றன. கித்தார்தான் அவற்றுக்கு ஏற்ப ஒதுங்கி வாசிக்க வேண்டியிருந்தது. இசைவாணி பாடினார், அந்தப் பத்தொன்பதில் ஒரே பெண். (ஒன்றே ஒன்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.) மேளக்காரர் கூடத்தில் அடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவராக இல்லாமல் குழுவின் ஆளாக நின்றார்.

பையனிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிண்ணா, அந்த உறுமி ஆளுங்க எந்த ஊருன்னாச்சும் தெரியுமா?” என்றான். போன வருஷம் அவனும் செட் பையன்களும் காசு சேர்த்து ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவுசெய்தார்கள். தோலைச் சூடு காட்ட உள்ளே நெருப்பு மூட்ட விடவில்லை. வாசலில் பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு ஓடினார்களாம், ஏசிக் குளிரில் பத்து நிமிஷத்தில் தோல் மறுபடி தளர்ந்துவிட்டதாம். எனக்கு அனுப்பியிருக்கிறான். ஃபைலுக்கு ஏழு பேர் பெயரையும் வரிசையாகத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். என் போன் திரையில் மூன்று பெயர்தான் தெரிகிறது.