77க்கு 23: ஒரு கட்சியின் பயம்

இன்றைய எபிசோடில் நாம பேசப் போறது ஒரே ஒரு வாக்கெடுப்பைப் பற்றி. 2002 அக்டோபர் 11, நள்ளிரவு தாண்டிய நேரம், வாஷிங்டன். ஈராக் மீது படையெடுக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அதிகாரம் கொடுக்கலாமா என்று அமெரிக்க செனட்டில் ஓட்டெடுக்கிறார்கள். 77 பேர் ஆம். 23 பேர் இல்லை. முந்தைய நாள் பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133 என்று அதே தீர்மானம் நிறைவேறியிருந்தது.

புஷ்ஷின் குடியரசுக் கட்சி இதை ஆதரித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என்னை உறுத்துவது இன்னொரு எண். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் செனட்டர்களில் 29 பேர் ஆம் என்றார்கள், 21 பேர்தான் இல்லை என்றார்கள். அன்றைக்கு செனட்டில் பெரும்பான்மையே ஜனநாயகக் கட்சி பக்கம்தான் இருந்தது என்பதை மறந்துடாதீங்க. அவர்களின் தலைவர் டாம் டாஷல் ஆம். ஜான் கெர்ரி ஆம். ஹிலரி கிளிண்டன் ஆம். ஜோ பைடன் ஆம். நான் நடுநிலை என்று நடிக்கப் போறதில்லை. புஷ் தொடங்கிய போர் அது, சரி. ஆனா அந்தக் கதவைத் தாழ் போட முடிந்தவர்கள் போடவில்லை. என் கோபம் அவங்க மேலதான் அதிகம்.

இங்க ஒரு விஷயத்தை நம்ம ஊர் ஆட்களுக்காகச் சொல்லிடறேன். நம்ம நாடாளுமன்றத்தில் கட்சி கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தில் ஓட்டெடுக்க வேண்டிய கட்டாயமும் இங்கே இல்லை. 1987இல் இலங்கைக்கு அமைதிப்படை போனது அரசு எடுத்த முடிவு. அதனால் நம்ம எம்.பி. ஒருத்தரைப் பார்த்து, "அந்தப் போருக்கு நீங்க என்ன ஓட்டு போட்டீங்க?" என்று கேட்கவே முடியாது. அமெரிக்காவில் கேட்கலாம். ஒவ்வொரு செனட்டரின் பெயருக்கு எதிரேயும் ஆம், இல்லை என்று பதிவாகிவிடும். அது சாகும் வரை கூடவே வரும். இன்றைய கதையே அதுதான்.

சரி, ஏன் ஆம் என்றார்கள்? ஏமாந்துவிட்டோம், உளவுத்துறை தப்பான தகவல் தந்தது என்று பின்னால் பலரும் சொன்னார்கள். பாதி உண்மை. சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகத்தான் அந்த அறிக்கையின் சுருக்கம் சொன்னது. ஆனால் 90 பக்கத்துக்கு மேல் இருந்த ரகசிய அறிக்கை வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பே நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு அணு ஆயுதக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்பதும், ஈராக் வாங்கிய அலுமினியக் குழாய்கள் அணு வேலைக்குத்தானா என்று எரிசக்தித் துறை சந்தேகப்பட்டதும் அதற்குள்ளேயே இருந்தன. அதை முழுசா படிச்ச செனட்டர்களை விரல் விட்டு எண்ணிடலாம். படித்தவர்களில் ஒருவர் புளோரிடாவின் பாப் கிரஹாம், செனட் உளவுக் குழுவின் தலைவர். அவர் இல்லை என்று ஓட்டுப் போட்டார். ஹிலரி அதைப் படிக்கவில்லை, சுருக்கத்தை வாய்வழியாகக் கேட்டுக்கொண்டார் என்பது 2007இல் அவர் அதிபர் தேர்தலுக்கு நின்றபோது வெளியே வந்தது.

அப்ப, படிக்காததுதான் காரணமா? அதுவும் இல்லை என்பது என் கருத்து. பதினோரு வருஷம் பின்னால் போகணும்.

1991 ஜனவரி. சதாம் குவைத்தைப் பிடித்துவிட்டார். இந்த புஷ்ஷின் அப்பா அதிபர். போருக்கு அனுமதி கேட்கிறார். செனட்டில் 52க்கு 47 என்று மயிரிழையில் தப்பியது தீர்மானம். ஜனநாயகக் கட்சியில் பத்து பேர் மட்டும்தான் ஆதரவு. கெர்ரி இல்லை என்றார், பைடன் இல்லை என்றார். அப்புறம் நடந்தது தெரியுமே. தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்தது. நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம். இல்லை என்றவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஆம் என்ற அந்தப் பத்து பேரில் ஒருவரான அல் கோர் அடுத்த வருஷமே துணை அதிபர் வேட்பாளர். இன்னொருவர் கனெக்டிகட்டின் ஜோ லீபர்மேன். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆக, 2002இல் அதிபர் கனவு இருந்த ஒவ்வொரு ஜனநாயகக் கட்சிக்காரரின் மனசிலும் 1991தான் ஓடியது. ஈராக்கைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் போன தேர்வின் விடையை எழுதினார்கள். செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து ஒரு வருஷம்தான். நவம்பர் 5 அன்று இடைக்காலத் தேர்தல். "ஓட்டைப் போட்டுத் தொலைப்போம், அப்புறம் மருந்து விலை, வேலைவாய்ப்பு என்று பேச்சை மாற்றிக்கலாம்" என்பது கணக்கு. (வெள்ளை மாளிகையும் கணக்குப் போடாமல் இல்லை. புதுச் சரக்கை ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டு வரக் கூடாது என்று புஷ்ஷின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்டு பத்திரிகையிடமே சொன்னார். போரைத்தான் சொல்கிறார்!) சுவாரஸ்யம் என்னன்னா, 1991இல் ஆம் என்ற அல் கோர், அப்போது எந்தப் பதவியிலும் இல்லை, 2002 செப்டம்பரில் இந்தப் போர் வேண்டாம் என்று பேசினார்.

அந்தக் கணக்கு பலித்ததா? ஜார்ஜியாவின் மேக்ஸ் கிளீலண்டைப் பாருங்க. வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர். ஈராக் தீர்மானத்துக்கு ஆம் என்று ஓட்டுப் போட்டார். இருந்தும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை எப்படி அமைப்பது என்ற வேறொரு சட்டத்தில் புஷ்ஷுக்கு ஒத்துப்போகவில்லை என்று, பின்லேடன் படத்தையும் சதாம் படத்தையும் காட்டி அவருக்கு எதிராக டிவி விளம்பரம் ஓட்டினார்கள். எதிரே நின்ற சாக்ஸ்பி சாம்பிளிஸ் வியட்நாமுக்குப் போகாமல் விலக்கு வாங்கியவர். கிளீலண்ட் தோற்றார். மூன்று உறுப்புகளைப் போரில் கொடுத்த மனுஷனையே தேசப்பற்று இல்லாதவன் என்று சித்தரிக்க முடியுமென்றால், ஒரு ஆம் ஓட்டு யாரைக் காப்பாற்றிவிடும்?

அதே தேர்தலில் மின்னசோட்டாவின் பால் வெல்ஸ்டோன். கடும் போட்டி. அவரைத் தோற்கடிக்க வெள்ளை மாளிகையே குறி வைத்திருந்தது. அவர் இல்லை என்று ஓட்டுப் போட்டார். கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். கருத்துக்கணிப்பில் அவர் சரியவில்லை. ஆனால் தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்பு, அக்டோபர் 25 அன்று, விமான விபத்தில் மனைவி, மகளோடு இறந்துபோனார். ஜெயித்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஜெயித்திருப்பார் என்றே நம்புகிறேன். ஜனநாயகக் கட்சி அந்த நவம்பரில் செனட்டையே இழந்தது.

2003 மார்ச்சில் போர் தொடங்கியபோது அமெரிக்கர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆதரவு. ஆயுதம் ஒன்றும் கிடைக்கவில்லை. சவப்பெட்டிகள் வரத் தொடங்கின. கடைசியில் அமெரிக்க வீரர்கள் 4,400க்கும் மேல். ஈராக்கியப் பொதுமக்கள், மிகக் குறைந்த கணக்கே ஒரு லட்சத்தைத் தாண்டும். 2004இல் வேட்பாளரான கெர்ரி, ஆம் என்று ஓட்டுப் போட்ட போரைக் குறை சொல்ல முடியாமலும் ஆதரிக்க முடியாமலும் தவித்தார். 87 பில்லியன் டாலர் போர்ச் செலவு மசோதாவுக்கு முதலில் ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். குடியரசுக் கட்சிக்கு வேற விளம்பரமே தேவைப்படல.

இப்போ லீபர்மேன். 2000இல் கோரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். போரை விடாமல் ஆதரித்தார், 2005, 2006இலும்கூட. 2005இல் நாடாளுமன்ற உரை முடிந்து வெளியே போகும்போது புஷ் அவர் கன்னத்தில் முத்தமிடுவது போல ஒரு காட்சி டிவியில் வந்தது. அதைப் பெரிய காகிதக்கூழ் பொம்மையாகச் செய்து, வண்டியில் ஏற்றி, கனெக்டிகட் தெருத்தெருவாக ஓட்டினார்கள். அங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிக்காது. கட்சிக்காரர்களே பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 2006 ஆகஸ்ட் 8 அன்று, நெட் லமான்ட் என்ற கேபிள் டிவி தொழிலதிபர், ஏறக்குறைய 52க்கு 48 சதவீதம் என்று லீபர்மேனைத் தோற்கடித்தார். ஆறு வருஷம் முன்னால் கட்சியின் இரண்டாவது முகமாக இருந்தவரைத் தொண்டர்களே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் போகவில்லை. சொந்தப் பெயரிலேயே 'லீபர்மேனுக்காகக் கனெக்டிகட்' என்று ஒரு கட்சியைப் பதிவு செய்து நின்றார். நம்ம ஊர் லெட்டர்பேட் கட்சிகளுக்குச் சவால் விடும் கட்சி அது. தலைவரே அதில் உறுப்பினராகச் சேரவில்லை! தேர்தல் முடிந்த பிறகு, அவரைப் பிடிக்காத ஒரு அரசியல் பேராசிரியர் அதில் சேர்ந்து, தன்னைத்தானே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். நவம்பரில் குடியரசுக் கட்சிக்காரர்களின் ஓட்டு பெருமளவு லீபர்மேனுக்கே போனது. ஜெயித்துவிட்டார்.

அதே நாள், பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் லிங்கன் சேஃபி தோற்றார். 2002இல் குடியரசுக் கட்சி செனட்டர்களில் இல்லை என்ற ஒரே ஆள் அவர்தான். வாக்காளர்கள் அவரை மதிக்கத்தான் செய்தார்கள். ஆனால் புஷ்ஷின் கட்சியைத் தண்டிக்க வந்தவர்கள், போரை எதிர்த்தவரைத் தண்டித்துவிட்டுப் போனார்கள். போரை ஆதரித்தவர் சில மைல் தள்ளி வெற்றி விழா கொண்டாடிக்கொண்டிருந்தார். கட்சிச் சின்னம் என்பது இவ்வளவு குருடானது.

2006இல் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. செனட்டில் 51க்கு 49. அந்த 51இல் லீபர்மேனும் ஒருவர். விரட்டியவரையே உள்ளே கூப்பிட்டு, குழுத் தலைவர் பதவி கொடுக்க வேண்டியதாயிற்று. 2008இல் அவர் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்காக அந்தக் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே பேசினார். அப்பவும் பதவியைப் பறிக்கவில்லை.

இதன் விலை 2009 டிசம்பரில் தெரிந்தது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு செனட்டில் 60 ஓட்டு தேவை. ஜனநாயகக் கட்சி பக்கம் சரியாக 60 பேர். 55 முதல் 64 வயது வரை உள்ளவர்கள், முதியோருக்கான அரசு காப்பீட்டில் பணம் கட்டிச் சேரலாம் என்று ஒரு பகுதி அதில் இருந்தது. லீபர்மேன் முடியாது என்றார். அது நீக்கப்பட்டது. அரசே நடத்தும் பொதுக் காப்பீட்டுத் திட்டமும் அதோடு போச்சு. 56 வயதில் வேலை போய், தனியார் காப்பீடு வாங்க வழியில்லாமல் தவித்த ஒருவருக்கு, பாக்தாத் பற்றிய ஒரு ஓட்டும் தன் மருத்துவச் செலவும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டன என்று தெரிந்திருக்குமா?

ஒபாமாவைப் பற்றிச் சுருக்கமா. 2002 அக்டோபர் 2 அன்று சிகாகோ கூட்டத்தில் இந்தப் போரை எதிர்த்துப் பேசினார். அப்போது அவர் மாநில செனட்டர், வாஷிங்டனில் அவருக்கு ஓட்டே இல்லை. ஓட்டு இல்லாதவருக்குத் தைரியம் கொஞ்சம் மலிவாகத்தான் கிடைக்கும், ஒத்துக்கணும். இருந்தாலும் 2008 பிரைமரியில் ஹிலரியை வீழ்த்த அந்தப் பேச்சு பெரிதும் உதவியது. ஜெயித்த பிறகு? ஹிலரி வெளியுறவு அமைச்சர், பைடன் துணை அதிபர், அப்புறம் கெர்ரி வெளியுறவு அமைச்சர். மூன்று பேரும் ஆம்.

குடியரசுக் கட்சியில் எனக்கு மரியாதை உள்ள ஒருவர் உண்டு: வடக்கு கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். 2003இல் பிரான்ஸ் போரை எதிர்த்ததால் நாடாளுமன்ற கேன்டீனில் 'ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்' பெயரை 'ஃபிரீடம் ஃபிரைஸ்' என்று மாற்ற வைத்த இருவரில் ஒருவர் இவர். அதே வருஷம் தன் தொகுதியில் ஒரு வீரரின் இறுதிச் சடங்குக்குப் போனார். அதற்குப் பிறகு, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கையெழுத்திட்டு ஆயிரக்கணக்கான கடிதங்கள் அனுப்பினார். 2005இல் படையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். கட்சி அவரை ஒதுக்கியது. பெரிய ராணுவத் தளம் உள்ள அந்தத் தொகுதி மக்கள் ஒதுக்கவில்லை. 2019இல் சாகும்வரை எம்.பி.யாகவே இருந்தார்.

அந்தத் தீர்மானம் சதாமோடு செத்துப்போகவில்லை. 2020 ஜனவரியில் ஈரான் தளபதி காசிம் சுலைமானியை பாக்தாத் விமான நிலையம் அருகே கொன்றபோது, டிரம்ப் நிர்வாகம் சட்ட ஆதாரமாகக் காட்டியவற்றில் 2002 தீர்மானமும் ஒன்று. 2021 ஜூனில் அதை ரத்து செய்யும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 268க்கு 161 என்று நிறைவேறியது. கொண்டு வந்தவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. 2001 செப்டம்பரில் ஆப்கானிஸ்தான் போருக்கு வழி திறந்த தீர்மானத்தில் 420க்கு 1 என்று வந்ததே, அந்த ஒன்று அவர்தான். 2002லும் இல்லை என்றார். 2023 மார்ச்சில் செனட்டும் ரத்துக்கு ஒரு மசோதாவை 66க்கு 30 என்று நிறைவேற்றியது. அப்போது பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. அங்கே அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை.