வாச்சாத்தியில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா வரை: வானத்துச் சட்டத்தில் யாருக்கு இடம்?

போன எபிசோடில் வாச்சாத்தி வழக்கைப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு அரூர் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "விண்வெளிச் சட்டம், பழங்குடி உரிமைன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு வெளிநாட்டுல நிதியெல்லாம் தர்றாங்களாமே. ராக்கெட்டுக்கும் நம்ம சித்தேரி மலைக்காரனுக்கும் என்னங்க சம்பந்தம்?" கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி.

1978 ஜனவரி 24. சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 என்ற உளவு செயற்கைக்கோள் கட்டுப்பாடு இழந்து கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்தது. அதற்குள்ளே ஒரு அணு உலை. கதிர்வீச்சுள்ள துண்டுகள் உறைந்த ஏரிகள் மேலும் காடுகள் மேலும் சிதறின. மேப்பில் பார்த்தால் ஆளே இல்லாத பனிக்காடு மாதிரி தெரியும். ஆனால் டெனே, இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக மான் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்கிற நிலம் அது.

இதற்கென்றே 1972இல் ஒரு சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தம் வந்திருந்தது. விண்ணில் ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால், ஏவிய நாடுதான் பொறுப்பு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? கனடா 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1981இல் 30 லட்சம் கனடிய டாலருக்குப் பேசி முடித்தார்கள். கனடா கேட்ட பணம் எதற்கு என்று பாருங்க: தேடிய செலவு, பொறுக்கிய செலவு, சோதித்த செலவு. எல்லாம் அரசாங்கத்தின் செலவு. இந்த மீனைத் தின்னலாமா வேண்டாமா என்று தவித்த வேட்டைக்காரருக்கு அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. ஒப்பந்தப்படி வாய் திறந்து கேட்கும் உரிமை அரசுகளுக்கு மட்டும்தான். ஒரு இனத்துக்கோ ஊருக்கோ கிடையாது.

ஏழாவது ஷரத்து இன்னும் சுவாரசியம். ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு நேரும் சேதத்துக்கு ஒப்பந்தமே பொருந்தாது. அது உங்க வீட்டு விவகாரம், நீங்களே பார்த்துக்கோங்க என்று சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். அங்கே யானாதிகள் என்ற பழங்குடிகள் தேன், கிழங்கு, சாய வேர் எடுத்து வாழ்ந்தார்கள். வெள்ளைக்கார அரசு தீவைத் தன் பொறுப்பில் எடுத்த பிறகு, காட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு கூலியாகத் தானியம் கொடுத்தது. அந்தக் காட்டு விறகு சென்னைக்கு வந்து அடுப்பில் எரிந்தது. விண்வெளி மனிதகுலம் முழுமைக்கும் பொது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் எழுதியது 1967இல். ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்வு செய்தது 1969இல். 1971இல் முதல் ராக்கெட் போனது. வானம் எல்லோருக்கும் பொதுவாகி நாலே வருஷம். தீவில் இருந்த குடும்பங்கள் தரையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ராக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கை அந்த ராக்கெட்டால்தான் வருகிறது. ஆனால் 'மனிதகுலம்' என்ற சொல்லுக்குள் யானாதி எந்த இடத்தில் நிற்கிறார் என்று ஒப்பந்தத்தில் தேடினால் கிடைக்காது.

நண்பருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. வாச்சாத்தியிலும் இதே முடிச்சுதானே? 1992 ஜூன் 20 அன்று ஊருக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள். அரசுதான் குற்றவாளி என்றால் பழங்குடிக்காக யார் வழக்குப் போடுவது? கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 1995இல்தான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது சரியாக 12 வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 29இல். பத்தொன்பது வருஷம் ஆனாலும், அங்கே கேள்வி கேட்க ஒரு கோர்ட் இருந்தது.

இப்போது குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். விண்வெளிச் செயல்பாடுகளுக்கு 2017இல் வரைவு மசோதா வந்தது, 2023இல் கொள்கை வந்தது, சட்டம் இன்னும் வரவில்லை. ராக்கெட் துண்டு ஒரு வெளிநாட்டுப் படகு மேல் விழுந்தால் 1972 ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நாடு வரலாம். மணப்பாட்டுப் படகு மேல் விழுந்தால், வழக்கமான சிவில் கோர்ட்டுதான்.